காதுக்கு முன்னால் ஓர் எழுத்து

மக்கா,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கொண்டுவந்தபோது நான் முற்றத்தில் நெல்லைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தேன். "டெல்லியில இருந்துல்லா வந்திருக்கு, பெரியம்மை. மகன் சொகந்தானே?" என்று கேட்டார். சுகம் என்று சொல்லித்தான் கையில் வாங்கினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து படித்து முடித்ததும், அவரைக் கூப்பிட்டு, சுகமில்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இனிமேல் முகவரியில் திருவிதாங்கூர்-கொச்சி என்று எழுதாதே. இந்த ஐப்பசியிலிருந்து நாம் சென்னை மாநிலத்தில் இருக்கிறோம். கொட்டாரம் சந்திப்பில் கொடியேற்றி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒன்றாகிவிட்டோம் என்று ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கட்டும்வரை பேசினார். நானும் ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டைத் திறந்து, உள்ளே உட்கார்ந்தேன். பேச ஆளில்லை. அதனால் இந்தக் கடிதம் நீளமாகத்தான் போகும். பொறுமையாகப் படி. ஆபீசில் வைத்துப் படிக்காதே.

கமலேஷ் இங்கிருந்து திரும்பிய நாள் முதல் உன்னோடு பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். சமைக்கிறாள், துவைக்கிறாள், கேட்டதற்குத் தலையாட்டுகிறாள், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்கிறாய். அம்பாலாவில் இருக்கும் அவளுடைய சித்தப்பா வீட்டில் கொஞ்ச காலம் கொண்டுவிடலாமா என்று யோசிக்கிறாய். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "அங்கே என்னதான் நடந்தது அம்மா? உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷைகூடக் கிடையாதே, அவள் உன்னிடம் என்ன சொல்லியிருக்கப் போகிறாள்?" இந்தக் கேள்வியை, நீ அவளைக் கூட்டிப்போக வந்த ஆவணியிலேயே கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்லை. இப்போதாவது கேட்டாயே.

நீ அவளை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டதை முடித்துவிட்டு எழுதினாய், கேட்டுவிட்டு அல்ல. எனக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மாசி மாதம், கும்பப்பூ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, நீ அவளை ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினாயே, அன்றைக்கு அந்த வருத்தத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லாமல் போயிற்று. புழுதி படிந்த முகமும் வீங்கிய காலும் மேடிட்ட வயிறுமாக அவள் வாசலில் நின்றாள். "தலைப்பிரசவத்துக்குப் பெற்ற வீட்டுக்கு அனுப்பணும்னு சொல்லுவாங்க. இவளுக்குப் பெற்ற வீடு பாகிஸ்தானில் போய்விட்டது. நீதான் அம்மா" என்றாய். இரண்டு நாள் இருந்துவிட்டு லீவு இல்லையென்று கிளம்பிவிட்டாய். நீ ஏறிய பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை நாங்கள் இருவரும் தெருவில் நின்றோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மைதான் முதலில் வந்தாள். "பேரு என்னவாக்கும்?" என்றாள். சொன்னேன். "கமலேசா? அது ஆம்பிளப் பேருல்லா!" என்று வாயில் கை வைத்தாள். அன்று முதல் நான் அவளைக் கமலம் என்று கூப்பிட்டேன். பெயர் சொல்லத் தயக்கமாக இருக்கும்போது உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே மக்கா என்பேன். "வா மக்கா, குளி மக்கா" என்று நான் சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு குழப்பம் வரும். அவர்கள் பாஷையில் மக்கா என்றால் சோளமாம். எனக்கு அது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை மாமியார் ஏன் தன்னைச் சோளமே, சோளமே என்று கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பெண் குளித்திருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள்.

தொடக்கத்தில் நாங்கள் ஊமைகள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோதுமை வாங்கி அரைத்துக் கொடுத்தால் என் கல்லில் அவளுக்கு ரொட்டி வரவில்லை. நான் குடிக்க வெள்ளம் வேணுமா என்று தண்ணீரைக் கேட்பேன், அவள் சாப்பாடு போதும் என்று கையசைப்பாள். அவள் அறைக்குள் ஒரு பக்கம், நான் அடுக்களையில் ஒரு பக்கம். உன் அப்பா போன பிறகு தனியாக இருந்து பழகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இன்னொரு ஆள் மூச்சுவிடுகிற வீட்டில் தனியாக இருப்பது வேறு மாதிரி என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். ஒருநாள் சாயங்காலம் அவளாகவே அடுக்களை வாசலுக்கு வந்து நின்று, "சா" என்றாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "சாயாவா? சாயா வேணுமா மக்கா?" என்றேன். அவள் "சா, சா" என்று சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பல் ஒன்று லேசாக ஏறி நிற்கும், நீ கவனித்திருப்பாய்.

மறுநாள் பரணில் கிடந்த உன் பழைய சிலேட்டை எடுத்துத் துடைத்து அவள் முன்னால் வைத்தேன். படம் போட்டுக் காட்டுவாள் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அவள் சாயா டம்ளரைக் காட்டி, டி, ஈ, ஏ என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து எழுதினாள். 'டீ' என்றாள். பிறகு அந்த எழுத்துகளையே இடம் மாற்றி ஈ, ஏ, டி என்று எழுதி, இலையிலிருந்து வாய்க்குக் கையைக் கொண்டுபோனாள். 'ஈட்.' சாப்பிடு. மறுபடி அழித்து ஏ, டி, ஈ என்று எழுதி, வயிற்றைத் தடவிக்கொண்டு காலி இலையைக் காட்டினாள். 'ஏட்.' சாப்பிட்டாயிற்று. எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதே மூன்று பேர் இடம் மாறி உட்கார்ந்தால் குடிக்கிறது தின்கிறதாகிவிடுகிறது, தின்கிறது தின்று முடித்ததாகிவிடுகிறது! அன்று முதல் நான் "மக்கா, டீ ஏட்டா?" என்று கேட்பேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். தப்பு என்று தெரிந்தும் நான் திருத்திக்கொள்ளவில்லை.

அப்படியே வளர்ந்தது. எனக்கு நீளமான சொல் எதுவும் நாக்கில் நிற்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் சின்னச் சின்னச் சொல்லாக, ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகிற சொல்லாகப் பொறுக்கி எழுதுவாள். ஈ, ஏ, ஆர் என்று எழுதி என் காதைத் தொட்டாள். 'இயர்.' அதற்கு முன்னால் ஓர் எழுத்து சேர்த்து, கையைக் காதுக்குக் குவித்தாள். 'ஹியர்', கேள். அந்த எழுத்தை அழித்து வேறொன்று போட்டு, என் பக்கமாக நகர்ந்து தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். 'நியர்', பக்கத்தில். தெருநாய் குரைத்தபோது கண்ணை உருட்டி நடுங்கிக் காட்டி 'ஃபியர்' என்றாள். நான் அடுக்களையில் வேலை செய்துகொண்டே அவற்றை முணுமுணுப்பேன். செல்லம்மை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன பெரியம்மை, மந்திரமா சொல்லுதிய?" என்று கேட்பாள்.

அவள் எப்போதும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்வது அவர்கள் பக்கத்துப் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். பங்குனியில் ஒருநாள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் பலகாரம் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, யாரென்று எழுதவேண்டாம், "வயித்துப் பிள்ளக்காரி, காதுல கழுத்துல ஒண்ணும் போடாம இருக்காளே" என்று சொல்லிக்கொண்டே முந்தானையை விலக்கிவிட்டாள். அவளுடைய வலது காது மடல் துளையிலிருந்து கீழ்வரை பிளந்து, இரண்டு துண்டாக ஆறிப்போயிருந்தது. "ஏட்டி, இங்க பாரு! காது அறுந்துல்லா கெடக்கு. மூளியைப் பிடிச்சுக் கெட்டிட்டு வந்திருக்கானே உங்க பிள்ள!" என்றாள் அவள். கமலத்துக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் அந்தக் குரல் எந்த பாஷையிலும் புரியும். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் பலகாரத் தட்டை எடுத்து அந்தப் பெண் கையிலேயே கொடுத்து, "நீங்க போயிட்டு வாருங்கோ" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

உன்னிடம் அவள், சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அன்று அவள் ஊஞ்சல் என்று சொல்லவில்லை. நான் உள்ளே போனபோது கட்டிலில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஈ, ஏ, ஆர். அதற்கு முன்னால் நட்டுவைத்த கம்பம்போல ஓர் எழுத்து, டி. அந்தச் சொல் எனக்கு முன்பே தெரியும். வெங்காயம் அரிந்தபோது கற்றுத்தந்திருந்தாள். 'டியர்', கண்ணீர். அழுகிறேன் என்று சொல்கிறாள் என்று நினைத்து முகத்தைத் துடைக்கப் போனேன். அவள் கண்ணில் ஈரமே இல்லை. இல்லை என்று தலையாட்டினாள். பக்கத்தில் கிடந்த பழந்துணியை எடுத்துப் பரக்கென்று கிழித்தாள். "டேர்" என்றாள். அதே நாலு எழுத்து, மக்கா. கண்ணீருக்கும் அதுதான், கிழிப்பதற்கும் அதுதான். வாய்தான் வேறு மாதிரிச் சொல்கிறது.

பிறகு என் கையைப் பிடித்துத் தன் காதில் வைத்து, கீழ்நோக்கி இழுத்துக் காட்டினாள். "மா" என்றாள். அந்தச் சொல்லுக்கு எனக்குச் சிலேட்டு வேண்டியிருக்கவில்லை. அவளுடைய அம்மா. சிலேட்டில் ஒரு ரயில் வரைந்தாள். அதைச் சுற்றிலும் நிறைய மனிதர்களை வரைந்தாள், எறும்பு மாதிரி. தங்கம் இருக்கிற பிள்ளையைக் கூட்டத்தில் விட்டுவைக்கமாட்டார்கள் என்று பயந்து, அவளுடைய அம்மா கழற்ற நேரமில்லாமல் கம்மலைப் பிடித்து இழுத்திருக்கிறாள். காது கிழிந்த பெண்ணை ஜன்னல் வழியாக ரயிலுக்குள் தள்ளியிருக்கிறாள். ரயிலுக்கு வெளியே ஒரு பெண்ணை வரைந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பெண்ணை மட்டும் விரலால் அழித்தாள்.

நான் என்ன செய்வேன்? என்னிடம் இருந்த சொற்கள் எல்லாம் சாயாவும் சாப்பாடும். முடியை ஒதுக்கி என் காதைக் காட்டினேன். நீ பிறந்தது முதல் பார்க்கிற காதுதான். ஆனால் அது வெட்டித் தைத்த காது என்று உனக்குத் தெரியுமா? எனக்குச் சின்ன வயதில் காதை வளர்த்துத் தோள்வரை தொங்கவிட்டிருந்தார்கள். பிறகு அது நாகரிகமில்லை என்று ஆயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்த் தொங்கின மடலை வெட்டித் தைத்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. பின்பக்கத்துத் தழும்பை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. "டேர்?" என்று கேட்டாள். "டேர்" என்றேன். நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி அவளுடைய காதையும் தைத்துவிடலாம் என்று, ஊசி நூலைக் காட்டி விளக்கினேன். அவள் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "நோ" என்றாள். அவளுடைய அம்மா கை கடைசியாகப் பட்ட இடம் அது. நான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீயும் எடுக்காதே.

வைகாசி முடியுமுன்பே வலி வந்துவிட்டது. நாள் ஆகவில்லை. காலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சந்திப்பிலிருந்து வாடகைக் கார் பிடித்துச் செல்லம்மையும் நானும் அவளைக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் புடவையைப் பிடித்துக்கொண்டு "நியர், மா, நியர்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிரசவ அறை வாசலில் நர்ஸ் என்னைத் தடுத்தபோது, "அவ என்னைப் பக்கத்துல இருக்கச் சொல்லுகா அம்மா, நான் வெளிய போகமாட்டேன்" என்று சொல்லி உள்ளே நின்றுகொண்டேன். டாக்டர் அம்மாள் நல்லவர். இருக்கட்டும் என்றார். பெண் பிள்ளை. உன் நெற்றி. என் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்த அளவுதான் இருந்தாள். அடுத்த நாள் உச்சிப்பொழுதுவரை இருந்தாள். செய்யவேண்டியதையெல்லாம் செய்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

உனக்குத் தந்தி கொடுத்தோம். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், வந்து என்ன ஆகப்போகிறது என்று நீ கடிதம் எழுதினாய். கணக்குப் பார்த்தால் நீ எழுதியது சரிதான். அதோடு அவளுக்கு இங்கிலீஷில் நீ எழுதி வைத்திருந்த தாளை அவள் வாங்கிப் படித்துவிட்டு, மடித்து என்னிடமே கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அழவில்லை. பெண்கள் வந்தார்கள், மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இப்போது நீ பார்க்கிறாயே, அதே உட்காருதல். பால் கட்டிக் காய்ச்சல் அடித்தது. நம் பக்கத்து வழக்கப்படி செல்லம்மை தோவாளையிலிருந்து பிச்சிப்பூ வாங்கிவந்து, மார்பில் வைத்துக் கட்டச் சொன்னாள். பால் வற்றும் என்பதற்காக. பூப்பந்தை நான் கையில் எடுத்து நெருங்கியதும் கமலத்தின் முகம் மாறிவிட்டது. பிள்ளை போன வீட்டில் பூச்சூட வருகிறாள் என்று நினைத்துவிட்டாள். தட்டிவிட்டாள். பூவெல்லாம் தரையில் சிதறியது. என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! நீ பஸ் ஏறிப் போன அன்றைக்கு இருந்த தூரத்தைவிட அதிக தூரத்தில் போய் நின்றாள்.

பூ எதற்கு என்று சொல்ல எனக்குச் சொல் இல்லை. அவள் ஒருதரம் வாய்விட்டு அழுதுவிட்டால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. அழு என்பதற்கு என்ன சொல்? கண்ணீர்தான் தெரியும். அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "டியர், மக்கா. டியர், டியர்" என்று கெஞ்சினேன். கண்ணீர் விடு, கண்ணீர் விடு என்றுதான் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். உதடு கோணியது. பிறகு என் மடியில் விழுந்து அழுதாள், மக்கா. தெருவே கேட்கும்படி அழுதாள். ரயிலடியில் அழாததையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். அன்று சாயங்காலம், எதற்கென்று கேட்காமலே, அவளே அந்தப் பூவைப் பொறுக்கி என் கையில் கொடுத்துக் கட்டச் சொன்னாள்.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே ஆடி மாதம்தான் தெரிந்தது. சிலேட்டில் அந்தச் சொல்லை எழுதி, என்னைக் காட்டி, தன்னைக் காட்டி, நெஞ்சில் கை வைத்தாள். பார்த்தால் முதல் எழுத்து நட்ட கம்பம் இல்லை. வயிறு தள்ளி நிற்கும் இன்னொரு எழுத்து. அதுவும் நம் வாயில் டி தான். அந்த எழுத்தில் தொடங்கினால் அருமையானவளே, கண்ணே என்று அர்த்தமாம். நம் தமிழ் நாக்குக்கு இரண்டும் ஒரே சத்தம். நான் அழு என்றேன், அவள் கண்ணே என்று கேட்டாள். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. விளக்கவேண்டிய தப்பா அது?

அந்த அழுகைக்குப் பிறகு இரண்டு மாதம் அவள் பேசினாள். பிள்ளையைப் பற்றிப் பேசினாள். விரல் எப்படி இருந்தது, எப்படி மூடித் திறந்தது என்று கையால் செய்துகாட்டுவாள். நான் அது கொட்டாவி விட்டதைச் செய்துகாட்டுவேன். ஆவணியில் நீ வந்தாய். கன்னிப்பூ நெல் விளைந்து நின்றது, அதைப் பற்றிக் கேட்டாய். டெல்லியில் குவார்ட்டர்ஸ் கிடைக்கப்போவதைச் சொன்னாய். முற்றத்தில் வைத்து அவள் உன்னிடம் ஏதோ சொல்லத் தொடங்கியபோது, அவள் தோளில் தட்டி ஒரே ஒரு சொல் சொன்னாய். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாய், உன் குரலில் அது இருந்தது. நான் அடுக்களையிலிருந்து கேட்டேன். 'ஃபர்கெட்.' அதில் 'ஃபர்' எனக்குத் தெரியும், 'கெட்' எனக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன என்று அவளிடம் கேட்டேன். எனக்கு எந்தச் சொல்லையும் எழுதிக் காட்டாமல் இருந்ததில்லை அவள். அன்று சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நீங்கள் போன பிறகு தபால்காரரிடம் கேட்டேன். மறந்துவிடு என்று அர்த்தமாம். என்ன நடந்தது என்று கேட்டாயே, அவள் பேச்சு அங்கேதான் நின்றது.

நீங்கள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. தமிழ் பேசச் செல்லம்மை இருக்கிறாள், அவளும் எப்போதும் வரமுடியுமா? ஆனால் இந்தச் சின்னச் சொற்களை யாரிடம் சொல்வது? சாயா போட்டால் வாய் தானாக "டீ ஏட்டா?" என்கிறது. போன மாதம் கன்னியாகுமரிக்குப் போயிருந்தேன். அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு வந்தபோது வடக்கத்திப் பெண்கள் சிலர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேச்சின் ராகம் இவளுடையதைப் போலவே இருந்தது. எனக்குக் கால் நிற்கவில்லை. கிட்டத்தில் போய், "டீ? ஈட்?" என்றேன். அவர்கள் என்னைக் கடைக்காரி என்று நினைத்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நான் அந்தப் பாறையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்து இறந்தாள். நடக்கத் தொடங்கியிருந்தாள். உன் அப்பா அவளைத் தோளில் வைத்துக்கொண்டுதான் வயலுக்குப் போவார். அவள் போன பிறகு அவர் அவளைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். கெட்டவர் இல்லை. அவருக்கு நெஞ்சு தாங்கவில்லை, அதனால் போனார். ஆனால் அவர் ஒவ்வொரு தடவை எழுந்து போனபோதும் நான் அந்தப் பிள்ளையோடு தனியாக விடப்பட்டேன். அவர் சாகும்வரை ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே பாயில் படுத்தோம், உன்னை வளர்த்தோம். அவளைப் பற்றி மட்டும் பேச எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. உன் மனைவிதான் கிடைத்தாள். ஆடி மாதம் ஒரு மத்தியானம், சிலேட்டில் இரண்டு பிள்ளைகளை வரைந்து, ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு என்று காட்டினேன். அவள் இரண்டு பிள்ளைகளையும் கைகோத்து நிற்கிற மாதிரி ஒரு கோடு போட்டாள்.

அதனால் அவளை அம்பாலாவுக்கு அனுப்பாதே. அந்தச் சித்தப்பாவை அவள் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததே இல்லை. ஒருதடவை ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்டவள் அவள், இன்னொரு தடவை அதை நீ செய்யாதே. என்னை டெல்லிக்கு வரச்சொல்லி எழுதுவாய், தெரியும். நான் வந்தால் அவள் என்னோடு பேசுவாள், நீ மறுபடி ஆபீசுக்குப் போய்விடுவாய். நான் வரவில்லை. உனக்கு அவளோடு பேச எத்தனையோ சொல் இருக்கிறது, நீளமான சொல்லெல்லாம் இருக்கிறது. முதலில் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பிள்ளை இருந்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அவள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். அவர்கள் பக்கத்துப் பெயர். என் காதில் சொல்லி, நான் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. தென்னந்தோப்பில் மண்ணுக்குள் வைத்தபோது அந்தப் பெயரைச் சொல்லித்தான் வைத்தேன். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீ படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது நீயும் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, நம் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று கேள். உடனே சொல்லமாட்டாள். அதற்காக எழுந்து போய்விடாதே.

அம்மா